குறையும் நீரும் கறை படிந்த கைகளும்



சில கிழமைகளாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. பள்ளிப் பணிகள் ஒருபுறம். என் பழைய மகிழுந்து மறுபுறம். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் எழுதிக் கொண்டிருந்தவன் திடீரென ரேடியேட்டரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள். இது மகிழுந்தைப் பற்றிய கட்டுரையாகத் தொடங்கினாலும் நம் பிள்ளைகளிடம்தான் வந்து சேரும்.

பினாங்குத் தீவில் வாழ்வோர்க்குப் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலையேறிச் செல்லும் துன் சார்டோன் சாலை நன்கு தெரியும். வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலையில் பழைய வண்டிகள் மூச்சு வாங்கும். கடந்த டுரியான் பருவத்தில் குடும்பத்தோடு அவ்வழியே சென்றபோது, பாதி மலையில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகள் டுரியானை மறந்தார்கள். என் துணைவியார் என்னை மட்டும் நோக்கிக் கொண்டிருந்தார். காரணம் உண்டு. அந்த வண்டியில் மூன்று மாதங்களாக நீர் குறைந்து வந்தது எனக்குத் தெரியும். வாரந்தோறும் குழாய் நீரை ஊற்றிவிட்டு, “சரியாகிவிட்டது” என்று சொல்லி வந்தவன் நான்தான்.

அதற்கு முன்பே இரு பட்டறைகளில் காட்டியிருந்தேன். ஒன்றில், பார்த்த மாத்திரத்தில் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். மற்றொன்றில் அதைவிடப் பெரிய செலவைச் சொன்னார்கள்: இயந்திரத் தலையின் கேஸ்கெட் போய்விட்டதாம். இரண்டு இடத்திலும் வண்டியை ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. எவரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. ஒரு நாளைக்குச் சில மில்லிலிட்டர் மட்டும் கசியும் வண்டியைப் பொறுமையாக ஆராயப் பட்டறைக்கு நேரம் ஏது? அந்தப் பொறுமை வண்டியின் சொந்தக்காரனுக்குத்தான் இருக்க வேண்டும். எனக்கு இல்லாமல் போயிற்று.

குளுகோரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளி, என் மாணவன் ஒருவனின் குடும்பம் வாழ்கிறது. அவன் ஐந்தாம் ஆண்டு பயில்கிறான். தந்தையார் லாரிகளைப் பழுது பார்ப்பவர். பள்ளித் தகவல் படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் அவன் “சொந்தத் தொழில்” என்று எழுதியிருந்தான். அவரோ மற்றொருவரின் பட்டறையில் கூலிக்கு உழைப்பவர். படிவத்தைப் படித்தபோதே எனக்கு உறுத்தியது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

மலைச்சாலை நிகழ்வுக்குப் பின் ஒரு மாலையில் அவரை அழைத்தேன். மகனையும் உடன் கூட்டி வந்தார். வந்தவர் பொனெட்டைத் திறக்கவில்லை. வாசல் படியில் அமர்ந்து கேள்விகளை அடுக்கினார்.

“காடிய நிறுத்துற எடத்துல தரை நனைஞ்சிருக்குமா சார்? காலையிலயா, ஓட்டிட்டு வந்த ஒடனேயா? உள்ள ஏதாச்சும் இனிப்பு வாடை அடிக்குதா? தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா ஊத்துறீங்க, எவ்வளவு ஊத்துறீங்க?”

கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடையே இல்லை. “கொஞ்சம்” என்றேன். அவர் சிரித்தார். “கொஞ்சம்னா எவ்வளவு சார்?” மாணவர்களிடம் நாள்தோறும் நான் கேட்கும் கேள்வி அது!

பிறகு ஒரு வேலை கொடுத்தார். குளிர்நீர் சேமிப்புத் தொட்டியின் மேல் ஒட்டுநாடா ஒன்றைச் செங்குத்தாக ஒட்டி, மில்லிமீட்டர் கோடுகள் வரைய வேண்டும். ஒவ்வொரு நாளும் விடியலில், இயந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, மட்டத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சூடான நீர் விரிந்து தொட்டியின் மட்டத்தை உயர்த்திவிடும். ஆகவே ஒரு நாள் சூட்டிலும் மறுநாள் குளிரிலும் அளந்தால் கணக்கே தவறிவிடும். அதோடு அன்றன்று வண்டி எங்கே சென்றது, எத்தனை முறை நிறுத்தப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். ஒரு கிழமை ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. மட்டம் கீழ்க்கோட்டைத் தொட்டால் மட்டும் அவரை அழைக்க வேண்டும்.

அறிவியல் பாடத்தில் நாம் என்ன கற்பிக்கிறோம்? உற்றறிதல், அளவெடுத்தல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளை நிர்ணயித்தல் என்று செயற்பாங்குத் திறன்களை மனனம் செய்விக்கிறோம். “மாறாமல் வைக்கப்படும் மாறி எது?” என்று தேர்வில் கேட்கிறோம். இவரோ அச்சொல் எதையும் அறியாமலேயே, அளக்கும் நேரத்தையும் இயந்திரத்தின் நிலையையும் மாறாமல் வைத்து ஒரு பரிசோதனையை அமைத்துவிட்டார். தம்மை ‘படிக்காதவன்’ என்று சொல்லிக் கொள்பவர் அவர். பதினைந்து ஆண்டுகளாக அறிவியல் போதிக்கும் நான் மூன்று மாதம் குழாய் நீர் ஊற்றியவன்.

குறிப்பெடுக்கும் பொறுப்பை மகனிடம் ஒப்படைக்கலாமே என்றேன். தந்தை உடனே மறுத்தார். “இதெல்லாம் அவனுக்கு எதுக்கு சார்? படிக்கிற புள்ள. கை அழுக்காயிடும். நான்தான் இப்படி ஆயிட்டேன்.” பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அளவுகோலைத் தொட்டால் கை அழுக்காகாது என்று வாதாடித்தான் சம்மதம் பெற்றேன்.

இங்கே சற்று நின்று, குழாய் நீர் ஊற்றியதில் என்ன தவறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பனி உறைவதில்லை; பிறகு கூலண்ட் எதற்கு என்று பலரும் எண்ணுகிறோம். கூலண்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோலும் நீரும், துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்த கலவை. உறையாமல் காப்பது அதன் பணிகளுள் ஒன்றுதான். நமக்கு வேண்டியவை மற்ற இரண்டும்: துருப்பிடிக்காமல் காத்தல், எளிதில் கொதிக்காமல் இருத்தல். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரும்வரை மூடி திறவாது. சாதாரண நீர் கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும், 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 119 பாகை வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில பாகைகள் உயரும். நம் வீட்டு அழுத்தச் சமையற்கலன் செய்யும் அதே வேலைதான். கசிவு இருந்தால் இரண்டும் போய்விடும்; நீரின் அளவும் குறையும், அழுத்தமும் நிற்காது. சமதரையில் தெரியாத அந்தக் குறை மலையேறும்போது தெரிந்துவிடும். நான் வாரந்தோறும் ஊற்றிய குழாய் நீரோ, இருந்த கூலண்டையும் நீர்த்துப் போகச் செய்து, உள்ளே உப்பும் துருவும் படிய வழிவகுத்திருக்கிறது. அலுமினிய இயந்திரத் தலை அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். அப்பொழுது அந்த இரண்டாம் பட்டறைக்காரர் சொன்னது உண்மையாகவே ஆகியிருக்கும்.

ஒரு கிழமைக்குப் பின் பையன் ஒற்றைவரிக் கட்டக்குறிப்பேட்டைக் கொண்டு வந்தான். பட்டைக் குறிவரைவே வரைந்திருந்தான். திங்கள் 3 மில்லிமீட்டர், செவ்வாய் 3, புதன் 5, வியாழன் 3, வெள்ளி 3, சனி 6, ஞாயிறு சுழியம். தொட்டியின் பரப்பு ஏறத்தாழ 80 சதுர சென்டிமீட்டர் என அளந்து, மொத்தக் குறைவு 23 மில்லிமீட்டர், ஆகவே 184 மில்லிலிட்டர் என்றும் கணக்கிட்டிருந்தான். ஒரு குவளைத் தேநீரைவிடக் குறைவு. இதற்காகவா ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள் என்று எண்ணினேன்.

ஞாயிறன்று வண்டி வெளியே எடுக்கப்படவில்லை; ஆகவே சுழியம். அது எனக்குப் புரிந்தது. வியாழனன்று பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் வரை சென்று திரும்பினேன். அன்றுதான் மிகுதியாகக் குறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. நான் தலையைச் சொறிந்து கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறவாத பையன் சொன்னான்:

“சார், தூரமா போன அன்னைக்கும் மூணுதான். ரெண்டு தடவ எடுத்து ரெண்டு தடவ நிறுத்துன அன்னைக்குத்தான் கூட. புதன்கெழம மத்தியானம் புறப்பாடத்துக்குத் திரும்பப் போனீங்க. சனிக்கெழம காலையில மார்க்கெட், சாயங்காலம் கோயில்.”

தந்தை குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம் கையிலிருந்த டார்ச் விளக்கை மகனிடம் நீட்டி, “கீழ் ஓஸ்கிட்ட அடி” என்றார்.

ஓடும்போது கசிந்திருந்தால் தூரம் கூடக் கூடக் குறைவும் கூடியிருக்கும். இதுவோ நிறுத்தும் எண்ணிக்கையைப் பின்பற்றியது. சூடாகி, நின்று, ஆறும்போதுதான் கசிகிறது! அவர் விளக்கினார். இயந்திரம் சூடாக இருக்கும்போது உலோகக் குழாய்முனை விரிந்து ஓசை இறுக்கிக் கொள்கிறது. அணைத்த பின் உலோகம் சுருங்குகிறது, பழைய ரப்பரோ விறைத்துப் போனதால் கூடவே சுருங்குவதில்லை, கிளிப்பும் தளர்ந்துவிட்டது. உள்ளே இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கிறது. அந்த இடைவெளியில் சில சொட்டு வெளியேறிவிடும். ‘வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும், குளிர்ந்தால் சுருங்கும்’ என்று வெண்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! தொடர்வண்டித் தண்டவாளத்தையும் மின்கம்பியையும் தவிர வேறோர் எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றியதில்லை.

தரையில் ஏன் ஈரமில்லை? வண்டியின் அடியில் பழைய நாளிதழை விரித்து வைத்தும் பார்த்திருந்தோம். அதில் விழுந்ததெல்லாம் குளிர்சாதனத்தின் நீர். அது நிறமற்றது, மணமற்றது, கையில் பிசுபிசுக்காது, கவலைப்பட ஒன்றுமில்லை. கூலண்ட் அப்படியன்று. பச்சையோ இளஞ்சிவப்போ நிறம் இருக்கும், தொட்டால் வழுவழுக்கும், இனிப்பான வாடை வரும். எங்கள் வண்டியின் சொட்டுகள் அடியில் உள்ள நெகிழித் தட்டில் விழுந்து, மறுநாள் ஓடும் சூட்டில் ஆவியாகியிருக்கின்றன. தட்டைக் கழற்றிய பின் விரித்த நாளிதழில், மறுநாள் காலையில் காசளவு இளஞ்சிவப்புக் கறை ஒன்று இருந்தது. கீழ் ஓசின் இணைப்பில் வெண்மையும் சிவப்பும் கலந்த உலர்ந்த பொருக்கு படிந்திருந்ததைப் பையன்தான் முதலில் கண்டான்.

உடனே கிளிப்பை முறுக்கிவிடவில்லை அவர். மற்ற ஐயங்களையும் நீக்கினார். எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் பாலேடு போல் வெளுத்திருக்கவில்லை. காலையில் முடுக்கியதும் புகைக்குழாயில் வெண்புகை தொடரவில்லை. சேமிப்புத் தொட்டியில் குமிழிகள் எழவில்லை. நீர்ப் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளை உலர்ந்திருந்தது. பட்டறையிலிருந்து அழுத்தச் சோதனைக் கருவியை இரவல் வாங்கி வந்து, குளிர்ந்த இயந்திரத்தில், மூடியிடத்தில் பொருத்தி, மூடியில் உள்ள எண் வரை மட்டுமே காற்றடித்தார். அதற்கு மேல் அடித்தால் நல்ல ஓசும் உடையும் என்றார். கால் மணி நேரத்தில் முள் மெல்ல இறங்கியது. பொருக்கு இருந்த இடத்தில் ஒரு முத்து திரண்டது. வேறெங்கும் இல்லை.

பழுது நீக்கிய கதை சுருக்கமானது. மறுநாள் மாலை, இயந்திரம் ஆறிய பின், ரேடியேட்டரின் வடிகால் திருகைத் திறந்து பழைய கூலண்டை வாளியில் பிடித்தோம். விறைத்த ஓசைக் கத்தியால் நீளவாக்கில் கீறிக் கழற்றினார். முறுக்கி இழுத்தால் ரேடியேட்டரின் முனை உடைந்துவிடுமாம். முனையில் படிந்த பொருக்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார். புதிய ஓஸ், இரு புதிய திருகுக் கிளிப்புகள். கிளிப்பு குழாய்முனையின் மேட்டுக்கு உட்புறமாக அமர வேண்டும். விளிம்பில் அமர்ந்தால் நழுவும். வெறிபிடித்தாற்போல் முறுக்கினால் ரப்பர் அறுபடும். கலந்தே விற்கும் கூலண்டை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே இயந்திரத்தை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை காத்திருந்து, குறைந்ததை நிரப்பி மூடினார். ஓசும் கிளிப்பும் ஐம்பது வெள்ளிக்கும் குறைவு. ஒரு கிழமை ஓடிய பின் கிளிப்பை மீண்டும் ஒரு முறை பார்க்கச் சொன்னார். பார்த்தேன், கால் சுற்று ஏற்றுக் கொண்டது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அழுத்தம் விலகிய கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாய்ப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்னும் வீரமும் வேண்டா. அடுத்தது, எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. பூனையும் நாயும் நக்கும். சிறு பிள்ளையும் சுவைக்கக்கூடும். சிறிதளவே உயிரைப் பறிக்கும். வடித்ததைக் கால்வாயில் ஊற்றாமல் மூடியுள்ள கலனில் அடைத்துப் பட்டறையில் சேர்ப்பியுங்கள். முட்டையின் வெண்கரு, மிளகுத்தூள் போன்ற பழைய கைவைத்தியங்களையும் கடையில் விற்கும் அடைப்பு மருந்துகளையும் பற்றிக் கேட்டேன். “வழியில மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர ஒதவும் சார். ஆனா ஓட்டைய மட்டும் அடைக்காது, நல்ல குழாயையும் சேத்து அடைக்கும்” என்றார். கேஸ்கெட், நீர்ப் பம்பு போன்றவற்றை வீட்டு வாசலில் தொடாதீர்கள், அவை பட்டறைக்குரியவை.

இப்பொழுது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அந்தச் சிறுவனின் தந்தை தம் அறிவை அறிவு என்றே கருதவில்லை. மகனும் கருதவில்லை, ‘சொந்தத் தொழில்’ என்று எழுதி மறைத்தான். அவனுக்கு அந்த மறைப்பைக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? நாம்தான். “ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில்தான் வேலை செய்வாய்” என்று வகுப்பறையில் மிரட்டாத ஆசிரியர் எத்தனை பேர்? நானும் மிரட்டியிருக்கிறேன். அந்த வகுப்பில் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை ஒருவன் தலைகுனிந்து அமர்ந்திருப்பான் என்று அப்பொழுது எண்ணியதில்லை. தந்தையை இகழ்ந்துவிட்டுப் பிள்ளைக்குத் தன்மதிப்பைக் கற்பிக்க இயலுமா?

2014-ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டுக்கு ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடம் வந்தது. அதற்கு முன் வாழ்வியல் திறன் இருந்தது. நோக்கம் நல்லது. ஆனால் அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்கும் கட்டுரைக்கும் ‘கடன்’ வாங்காத பள்ளிகள் எத்தனை? முன்பெல்லாம் யூபிஎஸ்ஆர் தேர்வைக் காரணம் காட்டினோம். 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. கடன் வாங்கும் பழக்கம் நீங்கவில்லை! அட்டைப்பெட்டியில் பொம்மை வண்டி செய்து ஒட்டி, புகைப்படம் எடுத்து, கோப்பில் செருகிவிட்டால் பாடம் முடிந்தது என்றாகிவிட்டது.

இதை ஆசிரியர் அறையில் பேசியபோது, ஒரு சக ஆசிரியர் மறுத்தார். “இக்காலத்து வண்டிகளெல்லாம் கணினிமயம், நாளை மின்வண்டிகள் வந்துவிடும், ஓஸ் கிளிப்பைக் கற்று என்ன பயன்?” நியாயமான கேள்விதான். ஆனால் மின்வண்டிகள் பலவற்றிலும் மின்கலத் தொகுதியைக் குளிர்விக்கக் கூலண்டுதான் ஓடுகிறது; அங்கும் ஓசும் இணைப்பும் உண்டு, கசிவும் உண்டு. அதுவும் பக்கக் காரணமே. அந்தச் சிறுவன் கற்றது கிளிப்பை மட்டுமன்று. ஏழு எண்களைப் பார்த்து, பெரியவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறான ஒன்று அதில் இருப்பதைக் கண்டான். எந்தப் பயிற்றியிலிருந்து அதைக் கொடுக்க முடியும்?

இன்னொருவர் ஆபத்தைச் சுட்டினார். அதை ஒப்புகிறேன். சூடான இயந்திரத்தருகே முப்பது மாணவர்களை நிறுத்த நான் சொல்லவில்லை. குளிர்ந்த ரேடியேட்டர் ஒன்றை மேசைமேல் வைத்து அதன் குழாய்களை எண்ணச் சொல்வதில் என்ன ஆபத்து? 1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் வண்டிக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேனடை ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. ஒரே பெரிய குழாய்க்குப் பதில் எண்ணாயிரம் சிறு குழாய்கள் எதற்கு? மேற்பரப்பு கூடினால் வெப்பம் விரைந்து வெளியேறும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படம் விளக்கும்?

அதற்குச் சற்று முந்திய காலத்து நிகழ்வு ஒன்றை என் மாணவர்களுக்கு அடிக்கடி கூறுவேன். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் உருவாக்கிய வண்டியில் மன்ஹைமிலிருந்து போர்ட்சைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. அக்காலத்து இயந்திரத்தில் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகிக் கொண்டே இருக்கும். வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டும். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். உடன் சென்றவர்கள் யார் தெரியுமா? அவருடைய மைந்தர்கள், பதினைந்து வயது ஒயிகனும் பதின்மூன்று வயது ரிச்சர்டும். “போய்ப் படி” என்று அவர்களை அந்தத் தாய் வீட்டில் விட்டுச் செல்லவில்லை. மேட்டில் வண்டியைத் தள்ளியவர்கள் அப்பிள்ளைகள்தாம்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. இக்கட்டுரையில் கூலண்ட், ஓஸ், கிளிப் என்றெல்லாம் எழுதியிருப்பதைக் கண்டு தனித்தமிழ் அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். நானும் அவ்வணியைச் சேர்ந்தவனே. மகிழுந்து என்றுதான் எழுதுவேன். 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, 2016-இல் இருநூறாண்டு நிறைவை நாடெங்கும் கொண்டாடினோம். அவ்விழாக்களில் நானும் மேடையேறி முழங்கியவன். ஆயினும் அன்று மாலை எனக்கு ஒன்று விளங்கிற்று. பள்ளிக்கு வந்து மாணவர்களிடம் பேசுமாறு அந்தத் தந்தையைக் கேட்டபோது அவர் மிரண்டுபோனார். “எனக்குத் தமிழ்ல பேச வராதுங்க சார்” என்றார். ஒரு மணி நேரமாக அவர் எதில் பேசினாராம்? தம் வாயில் வருவது தமிழே அன்று என்று ஒரு தமிழரை நம்ப வைத்திருக்கிறோமே, இதற்கு நம் மேடைத் தமிழுக்குப் பங்கில்லையா? நல்ல கலைச்சொற்கள் வேண்டும், ஐயமில்லை. அவற்றை ஆக்கும்போது கையில் கறையுள்ளவர்களையும் பக்கத்தில் அமர்த்திக் கேட்போம். கசிவு, பொருக்கு, முத்து திரண்டது, கால் சுற்று என்று அவர் சொன்ன சொற்களில் எதை நான் திருத்துவது?

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். துணை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால், மின்விசிறி நின்றால், வண்டியில் நீர் குறைந்தால், பழுது பார்க்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி டார்ச் விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும்தான். அவர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். உங்களுக்கே தெரியாத பழுதென்றால் இன்னும் நல்லது. தெரியாததை எப்படித் தேடுவது என்று அவர்கள் பார்க்கட்டும்.

பழுது நீங்கிய பின்னும் பையன் விடவில்லை. மேலும் பதினான்கு நாள் விடியலில் வந்து மட்டம் பார்த்துச் சென்றான். பதினான்கு சுழியங்கள். அந்தக் குறிப்பேட்டை அவன் தந்தையும் கேட்டார், நானும் கேட்டேன். அவன் இருவருக்கும் தரவில்லை.

தந்தையார் ஒருவாறு இசைந்துள்ளார். மேடையில் பேச மாட்டாராம். மேசையருகே நின்று பிரித்துக் காட்டுவாராம். மாணவர்கள் கேட்டால் விடை சொல்வாராம். பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்த மறுவாரம் நாள் குறித்திருக்கிறோம். பொருள்களை வைக்கப் படிக்கட்டின் அடியிலுள்ள சிறு இடத்தைத் தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்துள்ளார். தீவில் வாழும் அன்பர்கள் எவரிடமாவது பழைய ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், நீர்ப் பம்பு, அழுத்த மூடி ஆகியவை பயனின்றிக் கிடந்தால் எனக்குத் தெரிவியுங்கள். நானே வந்து எடுத்துக் கொள்கிறேன். நன்றாகக் கழுவி, கூலண்ட் ஒரு சொட்டும் இல்லாமல் உலர்த்திக் கொடுத்தால் போதும்.